மான் மேய்ந்த செடிகளின் உயரம்

மகளே சுமையா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று உன் உம்மா கேட்பாள். அதனால்தான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வீட்டில் வேலைக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் அங்கே வந்தால் நம் பேச்சு எப்படிப் போகும் என்று உனக்கே தெரியும். கம்பளி எடுத்துவைத்தாயா, ஆதார் கார்டு எங்கே, அங்கே இறங்கியதும் யார் கூட்டிப்போக வருவார்கள், அவருடைய நம்பரை எனக்கும் உம்மாவுக்கும் தனித்தனியாக அனுப்பினாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ‘எல்லாம் வச்சிருக்கேன் வாப்பா’ என்பாய். அதற்குப் பிறகும் நான் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். உனக்குக் கோபம் வரும். சொல்ல வந்த ஒன்றையும் சொல்லாமல் நான் எழுந்து போவேன். இந்த வாரம் முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது.

நான் பயந்த சுபாவக்காரன். ரங்கத் பஜாரில் எல்லோருக்கும் அது தெரியும். சரக்குக் கப்பல் தாமதமானால் போர்ட் பிளேருக்குப் போன் மேல் போன் போடுகிறவன் நான். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தபின் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். நீ மெயின்லேண்டில் படித்த காலத்தில் வானிலைச் செய்தியில் வங்கக் கடல் என்று காதில் விழுந்தாலே எனக்குச் சோறு இறங்காது. நீ கப்பலில் இருக்கிறாயா ஹாஸ்டலில் இருக்கிறாயா என்றுகூட யோசிக்கத் தோன்றாது, முதலில் போனை எடுப்பேன், பிறகுதான் புத்தி வரும். இப்படிப்பட்டவனிடம் நீ ஒரு வயலை ஒப்படைத்துவிட்டுப் போனாய். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அந்த வயலில் நடந்ததை நாம் மூன்று பேரும் இதுவரை உட்கார்ந்து முழுசாகப் பேசிக்கொண்டதே இல்லை.

நிலக்கடலை எனக்குக் கப்பலில் வந்து இறங்குகிற சரக்கு, அவ்வளவுதான். மூட்டையை அவிழ்த்ததும் மூக்கை உள்ளே விட்டுப் பார்ப்பேன், உப்புத்தண்ணீர் பட்டதா, பூசணம் பிடித்ததா என்று. அது செடியில் எங்கே காய்க்கிறது, எப்படிக் காய்க்கிறது என்று நான் யோசித்ததே கிடையாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ ஒரு நாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலையை உடைத்துத் தின்றுகொண்டே, “இத ஏன் வாப்பா இங்க யாரும் போடறதில்ல? எல்லாத்தயும் கப்பல்லயே எதுக்குக் கொண்டுவரணும்?” என்று கேட்டாய். ‘இங்கே மழை ஜாஸ்தி’ என்று சொல்லிவிட்டு நான் வந்த ஆளுக்குச் சீனி நிறுத்துக் கொடுத்தேன். நீ விவசாயம் படிக்கப் போகிறேன் என்றபோதும், அதன்பின் கடலைச் செடியின் உயரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்றபோதும், உன் உம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிள்ளையைக் கடையில் உட்காரவைத்தது நான்தான் என்ற பார்வை.

ஆராய்ச்சி தொடங்கியபின் வந்த விடுமுறையில், ஒரு நாள் சாப்பிட்டு முடித்தபிறகு நீ எங்களுக்கு விளக்கிச் சொன்னாய். “செடி நெட்டையா வளந்தா நம்ம ஊரு மழைக்குச் சாஞ்சிடும் வாப்பா. சாஞ்சா அடி இலையெல்லாம் அழுகும். அதவிடப் பெரிய சங்கடம் ஒண்ணு இருக்கு. கடலை பூக்கறது வெளிய, காய்க்கறது மண்ணுக்குள்ள. பூ வாடினதும் அதுலேர்ந்து ஊசி மாதிரி ஒரு விழுது கீழ எறங்கி மண்ணக் குத்தி உள்ள போவணும். ரொம்ப ஒசரத்துல பூத்தா, விழுது மண்ணத் தொடறதுக்குள்ள காஞ்சி போயிடும்.” அப்படியானால் குட்டைச் செடியாகவே போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். ரொம்பவும் குட்டையாக இருந்தால் களை மூடிவிடும், வெயிலைப் பிடிக்க இலை பத்தாது, அளவான உயரம் வேண்டும், அந்த அளவை எது தீர்மானிக்கிறது என்பதுதான் கேள்வி என்றாய். கல்லூரித் தோட்டத்தில் ஒரு நெட்டை ரகத்தையும் ஒரு குட்டை ரகத்தையும் நீயே பூவுக்குப் பூ கலந்திருந்தாய். பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஏறக்குறைய நெட்டையாகவே வளர்ந்தனவாம். “பிள்ளைங்கள வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பேரப்பிள்ளைங்கள்லதான் மறைஞ்சு கெடந்தது வெளிய வரும். ஒசரத்துக்கு ஒரே ஒரு ஜீன்தான் காரணம்னா நாலுல மூணு நெட்டை, ஒண்ணு குட்டை, நடுவுல ஒண்ணும் இருக்காது. பல ஜீன் சேந்து செய்யற வேலைன்னா படிக்கட்டு மாதிரி எல்லா ஒசரமும் வரும். எதுன்னு ஒவ்வொரு செடியா அளந்து பாக்கணும்.” உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “நானும் உங்க வாப்பாவும் இத்தனூண்டு இருக்கோம், நீ யாரக் கொண்டு இந்த ஒசரம் வளந்தே, அத மொதல்ல அளந்து சொல்லு” என்றாள். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி ‘பொண்ணு கொஞ்சம் நெட்டை’ என்று சொல்லிவிட்டுப் போன கோபம் அவளுக்கு அப்போது ஆறியிருக்கவில்லை.

உயரம் மண்ணுக்கு மண் மாறும், அதனால் பேரப்பிள்ளைச் செடிகளை நம் தீவிலேயே வளர்த்துப் பார்க்க வேண்டும் என்றாய். நிர்மல்தா நெல் அறுத்த வயலில் ஒரு மூலையை உனக்கு விட்டுக்கொடுத்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்த மனிதர், நம் கடையில் உப்பும் பீடியும் வாங்குகிறவர், மண்ணைத் தவிர வேறொன்றையும் நம்பாதவர். ‘பேட்டி கா கேத்’ என்றே அந்த மூலைக்குப் பெயர் வைத்துவிட்டார், மகளின் வயல் என்று. இர்ஃபானுக்கும் உனக்கும் அந்த மாதம்தான் பேசி முடித்தோம். போர்ட் பிளேரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற குடும்பம், நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள், பையன் கப்பல் கம்பெனியில் வேலை. நோன்புப் பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று முடிவாயிற்று. அதற்குள் நீ செடிகளை அளந்து முடித்துவிடுவாய், எழுத வேண்டியதைக் கல்யாணத்துக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். எனக்கு அப்போதே பயம்தான். எல்லாம் சரியாகப் போகிற மாதிரி தெரிந்தால் எனக்கு எப்போதும் பயம் வரும்.

செடிகள் பூத்து விழுது இறங்கியபிறகு பல்கலைக்கழகத்தில் ஏதோ பரீட்சைக்கு நீ நேரில் வந்தே ஆகவேண்டும் என்று அழைப்பு வந்தது. போவதற்கு முன் என்னை வயலுக்குக் கூட்டிப்போனாய். ஒவ்வொரு செடிக்கும் பக்கத்தில் எண் எழுதிய குச்சி. நெட்டையானவை என் முழங்காலைத் தாண்டி நின்றன, குட்டையானவை கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே குந்தியிருந்தன, இரண்டுக்கும் நடுவிலும் சில இருந்ததை நானே பார்த்தேன். வயலைச் சுற்றி நீயும் நிர்மல்தாவும் மூங்கில் நட்டுப் பழைய மீன்வலையைக் கட்டியிருந்தீர்கள். “மான் மட்டும் உள்ள வராமப் பாத்துக்குங்க வாப்பா. நான் வந்துதான் ஒசரத்த அளக்கணும்” என்றாய். இந்தத் தீவுகளில் மானைக் கொண்டுவந்து விட்டது வெள்ளைக்காரன். அதைத் தின்பதற்குப் புலியைக் கொண்டுவரவில்லை. நாம் அடிக்கவும் கூடாது, சட்டம் இருக்கிறது. மார்ச் மாத வெயிலில் காட்டில் பச்சை குறைந்ததும் அவை கூட்டமாக வயலுக்கு இறங்கும். ஒவ்வொரு நாளும் பஜ்ரு தொழுதுவிட்டு ஸ்கூட்டரில் வயலுக்குப் போய் வலையைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் நான் கடை திறந்தேன். சாயந்தரம் நிர்மல்தா பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கும் அப்படித்தான் போனேன். முந்தின நாள் காற்றில் வரப்போரத்து மரத்தின் கிளை முறிந்து வலையின் மேல் விழுந்து, ஒரு பக்கத்தை அப்படியே தரையோடு சாய்த்திருந்தது. நிர்மல்தா எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். “ஹிரண், பாய்” என்றார், மான் வந்துவிட்டது என்று. வயல் முழுக்கக் குளம்புச் சுவடு. நெட்டை, குட்டை, நடுத்தரம் எல்லாம் ஒரே மட்டத்துக்கு, நாவிதர் கிராப் வெட்டிவிட்ட மாதிரி கடிபட்டிருந்தன. குச்சிகள்தான் செடிகளை விட உயரமாக நின்றன. நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மழையில் அழுகியிருந்தால்கூட மிச்சத்தை அளந்திருக்கலாம். வெள்ளம் கொண்டுபோயிருந்தால் ஒன்றும் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். செடி எல்லாம் உயிரோடு நிற்கிறது, நீ அளக்க வேண்டிய உயரத்தை மட்டும் மான் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டே டவர் கிடைக்கிற மேட்டுக்கு வந்தேன். வழியில் வீட்டில் சொன்னபோது, பரீட்சை முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று உம்மா சொன்னாள். ஆனால் என் குரலை நான் மறைக்கக் கற்றுக்கொண்டதே இல்லை. ஹலோ என்றதுமே நீ கேட்டாய், “என்ன வாப்பா, உம்மாவுக்கு என்ன?” உம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றேன். மான் என்றேன். “எவ்வளவு?” என்றாய். முழுசும் என்றேன். நீ அழவில்லை. “சரி வாப்பா, நீங்க வெயில்ல நிக்காதீங்க, கடைக்குப் போங்க” என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்றைக்கு நான் கடை திறக்கவில்லை.

பரீட்சையை முடித்துவிட்டு நீ அடுத்த கப்பலில் வந்தாய். வயலைப் பார்த்தாய். ஒவ்வொரு வரிசையாக நடந்துபோய் நுனி கடிபட்ட இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். நான் பின்னாலேயே வந்தேன். உன்னைத் தேற்ற வேண்டும் என்ற பதற்றத்தில், எந்த வாப்பாவும் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். “எது நெட்டை, எது குட்டைன்னு உனக்குத்தான் ஞாபகம் இருக்குமே மா. அடித்தண்டப் பாத்தாலே குத்துமதிப்பாத் தெரியும். ஒசரத்தப் போட்டு எழுதிடு. அந்தமான்ல வந்து யாரு பாக்கப் போறா?” நீ நின்றாய். என் பக்கம் திரும்பி, கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாய். “நீங்க தராசுல விரல வைப்பீங்களா வாப்பா?” எனக்கு முகம் எரிந்தது. கல்யாணத் தேதி, உன் படிப்பு, ஊர்ப் பேச்சு எல்லாம் சேர்ந்து என்னை அப்படிப் பேச வைத்தன. பயந்தவனுக்குப் பொய் சொல்வது கெட்ட காரியமாகவே தெரியாது மகளே. யாரையோ காப்பாற்றுவதற்காகச் சொல்வதாகத்தான் அவனுக்குத் தோன்றும். நீ போகிற இடத்திலும் நல்ல மனிதர்கள் உனக்காகப் பயந்து இந்த மாதிரிப் புத்தி சொல்வார்கள். அவர்கள்மேல் கோபப்படாதே. என்னிடம் கேட்ட மாதிரியே அவர்களிடமும் கேள்.

பிறகு நீ பல நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவாய், சாப்பிடுவாய், போவாய். உம்மா உன் அறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதுவாள். ஒரு நாள் காலையில் நீயாகவே எழுந்து, “வயலுக்குப் போலாம் வாப்பா” என்றாய். அங்கே போய் ஒரு செடியின் அடியில் மண்ணை விரலால் விலக்கினாய். உள்ளே காய் இருந்தது. இன்னொன்றில் விலக்கினாய். அதிலும் இருந்தது. மான் மேலே மேய்ந்திருக்கிறது, விழுது அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டது. கடிபட்ட தண்டிலும் கணுவுக்குக் கணு புது இலை விட்டிருந்தது. நீ மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு வேகமாகப் பேசினாய். “மான் செடியத்தான் தின்னுச்சு வாப்பா. ஒசரத்தச் சொல்ற ஜீன் விதைக்குள்ள அப்படியே இருக்கு. ஒவ்வொரு செடி விதையையும் தனித்தனியா எடுத்து, அடுத்த போகத்துல தனித்தனி வரிசையாப் போட்டா, தாய்ச்செடி என்னன்னு வரிசையே சொல்லிடும். வரிசை முழுக்கக் குட்டையா வந்தா தாய் குட்டை. முழுக்க நெட்டையா வந்தா தாய் அசல் நெட்டை. கலந்து வந்தா, தாய் நெட்டையா நின்னுக்கிட்டே குட்டைய உள்ள ஒளிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். வெறும் ஒசரத்த மட்டும் அளந்திருந்தா இந்தக் கடைசி ரெண்டையும் என்னால பிரிச்சிருக்கவே முடியாது.” உன் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். உடனேயே அடுத்த பயம் வந்துவிட்டது. அடுத்த போகம் என்றால் மறுபடி நெல் போட்டு, அறுத்து, அதற்கப்புறம். மழைக்காலத்தில் போட முடியாது, வேறு மண்ணில் போட்டால் கணக்கு ஒத்துவராது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். நோன்பு மாதம் வாசலுக்கு வந்துவிட்டது, அது முடிந்தால் பெருநாள்.

நானே போர்ட் பிளேருக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினேன். காட்டுச் சாலையில் வண்டிகளைச் சேர்த்து அனுப்புகிற கான்வாய் புறப்படக் காத்திருந்தபோதும், படகில் ஏற்றிய பஸ் கரையைத் தொட்டபோதும், என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இர்ஃபானின் வாப்பா நல்ல மாதிரி வரவேற்றார். பிரியாணி போட்டார். என்னை மூத்தவனாக மதித்துக் காக்கா என்றே கூப்பிடுகிறவர், விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “காக்கா, நாலு கடலச் செடிக்காக நிக்காஹ்வத் தள்ளி வைக்கறதா? பஜார்ல கேட்டா சிரிப்பாங்க காக்கா.” செடிக்காக இல்லை, அவள் படிப்புக்காக என்றேன். உள்ளே போய் வீட்டாரிடம் பேசிவிட்டு வந்தார். “சரி, ஒரு வருஷம் தள்ளிக்குவோம். ஆனா இப்பவே ஒரு பேச்சு சொல்லிடறேன், பின்னால மனஸ்தாபம் வேணாம். நிக்காஹ்வுக்குப் பொறவு வயக்காட்டுல போய் நிக்கற வேலையெல்லாம் தோதுப்படாது. டீச்சர் வேலை பாக்கட்டும். எங்களுக்கு ஆட்சேபணை இல்ல.” அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் பெண்ணைப் பெற்றவன், தேதி தள்ளிப்போனதே பெரிய காரியம் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அந்த இரண்டாவது பேச்சை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இர்ஃபானே மாறிவிடுவான், பிள்ளை பிறந்தால் உனக்கே மனசு மாறும் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டு வாசலில் இறங்கியதும் உம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். “இத அவகிட்டச் சொல்லியே ஆவணுமா?” என்றாள் அவள். வயலில் நீ என்னைக் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே சொன்னேன். நீ போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாய். பாக்கு மரத்தடியில் நின்று நீ பேசியது எங்கள் காதில் விழுந்தது. “உங்க வாப்பா என்ன சொன்னாங்கன்னு தெரியும். உங்களுக்கு என்ன தோணுது, அத மட்டும் சொல்லுங்க.” அவன் என்ன சொன்னானோ தெரியாது. நீ ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தாய். உள்ளே வந்து, “வேணாம்னு சொல்லிடுங்க வாப்பா” என்றாய். ஒரு வாரம் யோசி மா என்றேன். “யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். அவரு நல்லவருதான். வீட்டுல என்ன சொல்றாங்களோ அதுங்கறாரு. நாளைக்கும் அதத்தான் சொல்வாரு.” உன் உம்மா அன்றைக்குச் சமைக்கவில்லை. பிறகு பல நாள் என்னோடு பேசவுமில்லை. உன்மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. சொன்னதை மறைக்காமல் வந்து சொன்னேனே, அதற்காக என்மேல்தான். இர்ஃபானுக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. நன்றாக இருக்கட்டும்.

இரண்டாம் போகத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். வலையை இரட்டையாகக் கட்டி, டப்பாக்களைத் தொங்கவிட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் சாயந்தரம் அஸர் தொழுகைக்குப் பிறகு போனபோது ஒரு கொம்பன் மான் வலைக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தது. எனக்கு மானைக் கண்டும் பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தமிழில் கத்தினேன், அசையவில்லை. ஹிந்தியில் கத்தினேன், காதை ஆட்டியது. நிர்மல்தா எங்கிருந்தோ ஓடிவந்து வங்காளத்தில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், போய்விட்டது. அந்த வார்த்தை என்னவென்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நல்ல வார்த்தையாக இருக்காது.

நீ அளக்கத் தொடங்கிய நாளில் நான் கடையை அடைத்துவிட்டு வந்தேன். ஒரு வரிசையில் செடி எல்லாமே குட்டை, பக்கத்து வரிசையில் எல்லாமே நெட்டை, அதற்கடுத்ததில் இரண்டும் கலந்து. ஒரே மட்டத்துக்குக் கடிபட்டு நின்ற தாய்களின் பிள்ளைகள் அவை. எந்தத் தாய் எந்த உயரம் என்று எனக்கே பளிச்சென்று தெரிந்தது. நீ அளவைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொன்னாய், படித்தபிறகு மறுபடியும் அளந்தாய். போதும் மா என்றேன். “இல்ல வாப்பா, எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது” என்றாய். அந்தக் குரல் என்னுடையது. உயரம் யாரைக் கொண்டு வந்ததோ தெரியாது, பயம் யாரைக் கொண்டு வந்தது என்று எனக்குத் தெரியும். அது உன்னை முடக்கிவிடுமோ என்று நான் பல வருஷம் கவலைப்பட்டிருக்கிறேன். நீ அதைக் கையில் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தாய். கடைசியில் ஒரு பெரிய ஜீன், அதோடு சின்னச் சின்னதாகப் பல சேர்ந்துதான் உயரத்தைத் தீர்மானிக்கின்றன என்று சொன்னாய். அப்படியானால் உன் கேள்விக்கு இரண்டுமே பதிலா என்று கேட்டேன். “ஆமா வாப்பா. யாரும் கை தட்ட மாட்டாங்க. ஆனா நெசம்.” யாரும் தட்டவும் இல்லை. வைவா முடிந்து நீ போன் செய்தபோது, பாஸ் ஆகிவிட்டது, பசிக்கிறது என்று இரண்டே செய்திதான் சொன்னாய். நம் தீவுக்கென்று ஒரு கடலை இன்னும் வரவில்லை. இன்றைக்கும் என் கடைக்குக் கடலை கப்பலில்தான் வருகிறது.

இப்போது நீ போகிற ஊரில் மழையே கிடையாது என்கிறாய். அங்கே இயந்திரம் வைத்துச் செடியைப் பிடுங்குகிறார்களாம், அதற்குப் பிடிமானம் வேண்டும் என்பதால் செடி நெட்டையாக இருக்க வேண்டுமாம். இங்கே குட்டையைத் தேடினாய், அங்கே போய் நெட்டையைத் தேடப் போகிறாய். எனக்கு அது புரிகிறது. புரியாதது வேறு. அந்தப் பகல் வெயிலும் ராத்திரிக் குளிரும் உனக்கு ஒத்துக்கொள்ளுமா, மீன் கிடைக்குமா, உடம்புக்கு முடியாவிட்டால் யார் கஞ்சி வைத்துத் தருவார்கள். பஜாரில் தினம் யாராவது கேட்கிறார்கள், பெண்ணுக்கு எப்போது என்று. இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுச் சாமானைப் பொட்டலம் கட்டுகிறேன். அந்த இரண்டாவது பேச்சை உன்னிடம் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உனக்கு ஒரு வீடு, ஒரு பிள்ளை இருந்திருக்குமோ என்று பல நாள் யோசிக்கிறேன். சரியாகத்தான் செய்தேனா என்று தெரியவில்லை மகளே. தெரிந்த மாதிரி எழுத எனக்கு வரவில்லை. மறுபடி அந்த இடம் வந்தாலும் சொல்லத்தான் செய்வேன் என்று மட்டும் தெரியும்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வேலை கெட்டுப்போன நாளில் எங்களுக்குப் போன் செய், நல்ல செய்தி வரும்வரை காத்திருக்காதே. உன்னோடு வயலில் நிற்கிறவர்களின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள். உனக்குப் பிடித்தவன் யாராவது வந்தால், அவன் கருத்தை அவன் வாயால் சொல்கிறானா என்று பார், ஆள் யாராக இருந்தாலும் நான் வந்து பேசுகிறேன். எங்களுக்காகத் திரும்பி வராதே. வரவேண்டும் என்று தோன்றினால் வா.

நேற்று நான் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது நீ வந்து பக்கத்தில் நின்றாய். “வாப்பா, நெசமாவே நான் போவட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், டிக்கெட் எடுத்தாயிற்றே, கேன்சல் செய்தால் திருப்பித் தரமாட்டானே என்று என்னென்னவோ உளறினேன். நீ சரி என்று தலையை ஆட்டிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாய். நீ கேட்டது டிக்கெட்டைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வாய் வரவில்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுதத்தான் காலையிலிருந்து இத்தனை பக்கம் ஆகியிருக்கிறது.

போ மா. நான் பயந்துகொண்டுதான் இருப்பேன், அது என் வேலை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போ.

உன் வாப்பா
ரங்கத்